தவழ்வது முதல் ஓட்டுப் போடுவது வரை

ஜனவரி மாதத் தில்லியில் வெயிலைத் தேடிப் போய்த்தான் உட்கார வேண்டும். ஆர்.கே. புரத்தில் எங்கள் குடியிருப்புக்கு நடுவே இருக்கும் சின்னப் பூங்காவுக்கு அது பதினொரு மணிக்கு மேல்தான் வந்து சேரும். பாய், போர்வை, ஆரஞ்சுப் பழம், கைக்குழந்தைகள் எல்லாம் அப்போது வெளியே வந்துவிடும். போன வாரம் அப்படி உட்கார்ந்திருந்தபோது, மேல்வீட்டுப் பெண் தன் மகளை என் மடியில் விட்டுவிட்டுக் கேட்டாள்.

“அக்கா, இவளுக்கு எட்டு மாசம் முடிஞ்சிருச்சு. இன்னும் தவழவே இல்ல. எதிர் பிளாக் பையன் ஏழு மாசத்துலயே தவழ்ந்துட்டான். ஊர்ல இருந்து அத்தை தினமும் போன் பண்ணிக் கேக்கறாங்க. டாக்டர்கிட்ட காட்டணுமா?”

குழந்தை எந்தப் பிடிப்பும் இல்லாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். என் வளையலை ஒரு கையால் இழுத்தாள், அடுத்த கைக்கு மாற்றினாள், வாயில் வைத்துப் பார்த்தாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் சட்டென்று திரும்பினாள். உடம்பில் மூன்று ஸ்வெட்டர், அதற்கு மேல் ஒரு கம்பளிக் கோட்டு.

“இப்ப பயப்பட ஒண்ணுமில்லம்மா” என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை அன்று அரைகுறையாகத்தான் விளக்க முடிந்தது. பிறந்த குழந்தை பெரிய மனிதராக ஆவது எப்படி என்று தெரிந்துகொள்ள நினைக்கும் எல்லோருக்குமாக இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

வளர்ச்சி என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். உள்ளே இரண்டு சங்கதிகள் இருக்கின்றன. ஒன்று, உடம்பு பெரிதாவது. எடை, உயரம், தலைச் சுற்றளவு எல்லாம் இதில் சேரும். தராசும் டேப்பும் இருந்தால் அளந்துவிடலாம். இன்னொன்று, அந்த உடம்பையும் மூளையையும் வைத்துக்கொண்டு குழந்தைக்கு என்னென்ன செய்யத் தெரிகிறது என்பது. சிரிப்பது, உட்காருவது, பேசுவது, யோசிப்பது, கோபத்தை அடக்கிக்கொள்வது எல்லாம் இதில் வரும். இதைத் திறன் வளர்ச்சி என்று வைத்துக்கொள்வோம். இதற்குத் தராசு கிடையாது. கூட இருந்து பார்க்க வேண்டும். கொழுகொழுவென்று இருக்கும் குழந்தை நடக்க நாள் எடுத்துக்கொள்ளலாம், ஒல்லியான குழந்தை முந்திக்கொண்டு பேசலாம். ஒன்றை வைத்து மற்றதை எடைபோடக் கூடாது.

உடம்பின் கணக்கை முதலில் பார்த்துவிடலாம். பிறக்கும்போது ஏறக்குறைய 3 கிலோ எடை, 50 சென்டிமீட்டர் நீளம். இரண்டரைக் கிலோவுக்குக் கீழே இருந்தால் எடை குறைவு என்பார்கள். முதல் சில நாட்களில் எடை கொஞ்சம் இறங்கும். இதைப் பார்த்துப் பயப்படாத புதுத் தாய் இல்லை. இரண்டு வாரத்துக்குள் பழைய எடைக்கு வந்துவிடும். ஐந்து மாதத்தில் பிறந்த எடை இரண்டு மடங்காகும், ஒரு வயதில் மூன்று மடங்கு. நீளம் ஒரு வயதில் 75 சென்டிமீட்டரைத் தொடும், நான்கு வயதில் ஒரு மீட்டர். முதல் ஆண்டில் 25 சென்டிமீட்டர் வளர்கிற அதே பிள்ளை, பள்ளிக்கூட வயதில் ஆண்டுக்கு 5, 6 சென்டிமீட்டர்தான் வளரும். மூன்று வயதுப் பிள்ளையைக் காட்டி “முன்ன மாதிரி சாப்பிடறதே இல்ல” என்று அம்மாக்கள் வருத்தப்படுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். வளரும் வேகம் குறையும்போது பசியும் குறைகிறது.

இனித் தவழ்வதற்கு வருவோம். எந்த மாதத்தில் எது நடக்க வேண்டும் என்று நம்மிடம் ஒரு தேதிக் கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்குதான் வீட்டுக்கு வீடு மனக்கஷ்டத்தைக் கொண்டுவருகிறது. உலக சுகாதார நிறுவனம் 1997 முதல் 2003 வரை ஆறு நாடுகளில் சுமார் 8,500 குழந்தைகளை அளந்து பார்த்தது. பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகியவைதான் அந்த ஆறு நாடுகள். இந்தியாவுக்காக அளக்கப்பட்டவர்கள் நம் தெற்கு தில்லிக் குழந்தைகள். நல்ல சாப்பாடும் தாய்ப்பாலும் சுகாதாரமான வீடும் கிடைத்தால், எந்த நாட்டுக் குழந்தையானாலும் ஐந்து வயது வரை ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வளர்கிறது என்று அதில் தெரியவந்தது. 2006-ல் வெளியான அந்த வளர்ச்சி வரைபடத்தைத்தான் இன்று அங்கன்வாடியிலும் டாக்டரின் அறையிலும் பார்க்கிறோம். அதன் கோடுகளில் தெற்கு தில்லிக் குழந்தைகளும் இருக்கிறார்கள் என்று நினைக்கும்போது எனக்கு மனம் நிறைகிறது.

பிரேசில் தவிர மற்ற ஐந்து நாடுகளில், குழந்தைகள் எப்போது உட்கார்கிறார்கள், தவழ்கிறார்கள், நடக்கிறார்கள் என்றும் குறித்து வைத்தார்கள். கிடைத்த விடை தேதியாக இல்லை, நீண்ட காலவெளியாக இருந்தது. பிடிப்பில்லாமல் உட்காருவது 3.8 மாதம் முதல் 9.2 மாதம் வரை. கையையும் முழங்காலையும் ஊன்றித் தவழ்வது 5.2 முதல் 13.5 வரை. தனியாக நடப்பது 8.2 முதல் 17.6 வரை. நன்றாக இருக்கும் 100 குழந்தைகளில் 98 பேர் இந்த எல்லைகளுக்குள் வந்துவிடுகிறார்கள். அதாவது ஒன்பது மாதத்தில் நடக்கும் குழந்தையும் பதினேழு மாதத்தில் நடக்கும் குழந்தையும் சரியாகத்தான் வளர்கின்றன. இன்னொன்றும் தெரிந்தது. 100-க்கு நான்கு குழந்தைகள் தவழவே இல்லை. பிட்டத்தால் நகர்ந்தோ வயிற்றால் ஊர்ந்தோ ஒரு வழியாக எழுந்து நடந்துவிட்டார்கள்.

எட்டு மாதத்தில் தவழாத அந்தக் குழந்தைக்கு இன்னும் ஐந்து மாதம் கையில் இருக்கிறது. அந்த மூன்று ஸ்வெட்டரையும் மறந்துவிடக் கூடாது. இத்தனை துணிக்குள் முழங்காலை மடக்குவதே பெரிய வேலை. குளிர்காலத்தில் தவழும் வயதை எட்டும் குழந்தைகள் சற்றுத் தாமதமாகத் தவழ்வதை வெளிநாட்டு ஆய்வுகளும் கண்டிருக்கின்றன. ஹோலிக்குப் பிறகு, துணி குறைந்ததும், திடீரென்று வீடு முழுக்கச் சுற்றத் தொடங்கிய குழந்தைகளை இந்தப் பூங்காவில் நான் வருடா வருடம் பார்க்கிறேன்.

நேரம் இப்படி முன்பின்னாக இருந்தாலும், வரிசைக்கு ஒரு ஒழுங்கு உண்டு. திறமை தலையிலிருந்து காலை நோக்கி இறங்கும். மூன்று நான்கு மாதத்தில் கழுத்து நிற்கும், அப்புறம் குப்புற விழும், பிறகு முதுகு நிமிர்ந்து உட்காரும், கடைசியில்தான் கால் ஊன்றும். அதே மாதிரி, நடு உடம்பிலிருந்து விரல் நுனியை நோக்கியும் போகும். முதலில் தோளிலிருந்து கையை வீசும். ஆறு மாதத்தில் உள்ளங்கையால் பொருளை வாரிப் பிடிக்கும். ஒன்பது, பத்து மாதத்தில் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து ஒரே ஒரு பொரியை எடுக்கும். இதைப் பார்க்க வேண்டுமானால் தட்டில் நாலைந்து பொரியைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்காருங்கள். வாரும்போது ஒன்றும் வராது. மறுபடி முயலும். நாக்கு லேசாக வெளியே வரும், மூச்சைக்கூட அடக்கிக்கொள்ளும், பிறகு இரண்டு விரலுக்கு நடுவே ஒரு பொரி. (வேர்க்கடலையை மட்டும் வைத்துவிடாதீர்கள். மூச்சுக்குழலில் மாட்டிக்கொள்ளும்.)

நம் முன்னோர் இந்த வரிசையை எவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறார்கள் என்பதற்குப் பிள்ளைத்தமிழ் சாட்சி. குழந்தையின் காலத்தைப் பத்துப் பருவமாகப் பிரித்துப் பாடுவார்கள். செங்கீரை என்பது ஐந்தாம் மாதம். ஒரு காலை மடக்கி, மறுகாலை நீட்டி, கைகளை ஊன்றி, தலையை நிமிர்த்திக் குழந்தை அசைந்தாடும் நிலை. சப்பாணி ஒன்பதாம் மாதம், கை கொட்டும் பருவம். கைதட்டத் தொடங்குவதற்கு இன்றைய குழந்தை மருத்துவர்கள் சொல்லும் வயதும் ஏறக்குறைய அதுதான். வருகைப் பருவத்தில் “வா வா” என்று கூப்பிட, குழந்தை தளிர்நடை போட்டு வரும். அப்புறம் அம்புலி. நிலாவைக் காட்டி விளையாட வா என்று அழைப்பது. எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். நாம் விரல் நீட்டினால் சின்னக் குழந்தை விரலைத்தான் பார்க்கும். ஒரு வயதை ஒட்டித்தான், விரல் காட்டும் திசையில் கண்ணைக் கொண்டுபோய் அந்தப் பொருளைப் பார்க்கும். பிறகு தானும் விரல் நீட்டி நமக்குக் காட்டும், நாம் பார்த்தோமா என்று நம் முகத்தைத் திரும்பிப் பார்க்கும். இருவர் சேர்ந்து ஒன்றைப் பார்ப்பது பேச்சுக்கு முந்திய படி. நிலாச் சோறு ஊட்டுகிற ஒவ்வொரு பாட்டியும் இந்தப் பயிற்சியைத்தான் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

பேச்சு என்றதும் தில்லித் தமிழர் வீடுகளில் வரும் ஒரு கவலையைச் சொல்ல வேண்டும். வீட்டில் தமிழ், பூங்காவில் இந்தி, பள்ளியில் ஆங்கிலம். “மூணு மொழி கலந்து குழந்தை குழம்பிடும், ஒரே மொழியில பேசுங்க” என்று யாராவது சொல்வார்கள், பெரும்பாலும் பலியாவது தமிழ்தான். அந்தப் பயம் வேண்டாம். பல மொழி கேட்டு வளர்வதால் பேச்சுக் கோளாறு வருவதில்லை. ஒரு வயதை ஒட்டி முதல் சொல், இரண்டு வயதில் இரண்டு சொல் சேர்ந்த பேச்சு என்ற கணக்கு இந்தக் குழந்தைகளுக்கும் பொருந்தும். ஆனால் சொற்களை எண்ணும்போது எல்லா மொழியையும் சேர்த்து எண்ணுங்கள். “பானி வேணும்” என்று சொன்னால் அது இரண்டு சொல் வாக்கியம். எது எந்த மொழி என்று போகப் போகப் பிரித்துக்கொள்ளும். என் பெரியவள் இரண்டரை வயதில் பால்காரரிடம் இந்தியும் என்னிடம் தமிழும் பேசினாள், யாரும் சொல்லித்தரவில்லை.

எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும்? மூன்று மாதமாகியும் முகம் பார்த்துச் சிரிக்கவில்லை, ஐந்து மாதமாகியும் தலை நிற்கவில்லை, பத்து மாதமாகியும் உட்காரவில்லை, ஒரு வயதிலும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, ஒன்றரை வயதாகியும் நடக்கவில்லை, ஒரு சொல்லும் பேசவில்லை, விரல் நீட்டி எதையும் காட்டவில்லை, இரண்டு வயதிலும் சொற்களைச் சேர்த்துப் பேசவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். ஏற்கெனவே வந்த திறமை போய்விட்டால், எந்த வயதானாலும் உடனே காட்டுங்கள். பேசிக்கொண்டிருந்த குழந்தை பேச்சை நிறுத்திவிட்டால் “எல்லாம் சரியாயிடும்” என்று உட்கார்ந்திருக்கக் கூடாது. சீக்கிரம் கண்டுபிடித்தால் பயிற்சியில் நல்ல பலன் கிடைக்கும். குறைமாதக் குழந்தையென்றால் கணக்கைத் திருத்திக்கொள்ளுங்கள். 40 வாரத்துக்குப் பதில் 32 வாரத்தில் பிறந்திருந்தால், எட்டு மாதக் குழந்தையை ஆறு மாதக் குழந்தையாகப் பார்க்க வேண்டும். இரண்டு வயது வரை இப்படி.

இரண்டு வயதில் “மாட்டேன்” வருகிறது. எரிக் எரிக்சன் என்ற உளவியலாளர் மனித வாழ்க்கையை எட்டுக் கட்டமாகப் பிரித்தார். இரண்டாவது கட்டத்தின் வேலையே, நான் வேறு, என் விருப்பம் வேறு என்று குழந்தை கண்டுபிடிப்பதுதான் என்றார். செருப்பைத் தானே போட்டுக்கொள்வேன் என்று தரையில் புரளும் பிள்ளை அடம்பிடிக்கிறது என்று மட்டும் பார்த்தால் பாதியைத்தான் பார்க்கிறோம்.

இரண்டிலிருந்து ஐந்து வரை உள்ள மாற்றத்தை ஒரே இடத்தில் பார்க்க, எங்கள் ஆர்.கே. புரத்து முருகன் கோயிலான மலை மந்திருக்குப் போங்கள். சுவாமி தரிசனம் முடிந்ததும் படிக்கட்டின் ஓரமாகச் சிறிது நேரம் உட்காருங்கள். இரண்டு வயதுக் குழந்தை ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, நின்று, பிறகு அடுத்த படிக்குப் போகும். மூன்று வயதுப் பிள்ளை ஒரு படிக்கு ஒரு கால் என்று மாற்றி மாற்றி ஏறும், ஆனால் இறங்கும்போது மறுபடி இரண்டு காலையும் சேர்த்துக்கொள்ளும். நான்கு வயதில் இறங்குவதும் மாற்றுக் காலில் வந்துவிடும். ஐந்து வயதுப் பிள்ளை கடைசி இரண்டு படியைக் குதித்துத் தாண்டும், பின்னால் தாத்தா கத்துவார்.

யோசிக்கும் விதமும் இப்படித்தான் படிப்படியாக மாறுகிறது. என் இரண்டு பிள்ளைகளுக்கும் மாலையில் ஒரே அளவு பால் ஆற்றுவேன். ஒருநாள் டம்ளர் ஒன்று குறைந்ததால், பெரியவளுக்கு டம்ளரிலும் சின்னவனுக்கு டபராவிலும் கொடுத்தேன். சின்னவனுக்கு அப்போது ஐந்து வயது. “அக்காவுக்கு மட்டும் நிறைய” என்று ஒரே அழுகை. அவன் கண் முன்னாலேயே அவனுடைய பாலை டம்ளருக்கு மாற்றினேன். அழுகை நின்றது. மறுபடி டபராவில் ஊற்றினேன். “இப்ப கம்மியாயிடுச்சு” என்றான். ஒரு சொட்டும் சிந்தவில்லை என்று அவனும் பார்த்தான், ஆனால் டபராவில் பாலின் மட்டம் கீழே இருக்கிறது, அவனுக்கு அதுதான் அளவு. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ழான் பியாஜே இதே மாதிரி உயரமான கண்ணாடிக் குவளையையும் அகலமான குவளையையும் வைத்துப் பிள்ளைகளிடம் கேட்டுப் பார்த்தவர். ஏழு வயதை ஒட்டித்தான் பாத்திரம் மாறினாலும் அளவு மாறாது என்பது பிடிபடுகிறது என்றார். அதுவரை கண்ணுக்குத் தெரிவதே உண்மை. ஐந்து வயதுப் பிள்ளையிடம் நியாயம் பேசித் தோற்றுப்போன எல்லாப் பெற்றோரும் இதைத் தெரிந்துகொண்டால் குரலை உயர்த்த மாட்டார்கள்.

ஆறு வயதில் பால் பல் ஆடத் தொடங்கும். அந்தக் காலத்தில் ஊரில் பிறந்த தேதி தெரியாத பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கும்போது, “வலது கையைத் தலைக்கு மேல கொண்டுபோய் இடது காதைத் தொடு” என்பார் வாத்தியார். தொட்டால் சேர்த்துக்கொள்வார். என் அப்பா அப்படிச் சேர்ந்தவர்தான். அதற்குள் ஓர் அறிவியல் இருக்கிறது. பிறந்த குழந்தையின் மொத்த நீளத்தில் கால் பங்கு தலை, பெரியவர்களில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. மூளை எல்லாவற்றுக்கும் முந்திக்கொண்டு வளர்கிறது. ஆறு வயதில் அது பெரியவர்களின் மூளை அளவில் சுமார் 90 சதவீதத்தை எட்டிவிடும். அதற்குப் பிறகு தலை அதிகம் பெரிதாவதில்லை, கை கால்தான் நீள்கின்றன. குழந்தையின் குட்டைக் கை பெரிய தலையைத் தாண்டிக் காதைத் தொட ஏறக்குறைய ஆறு வயதாகிவிடும்.

ஏழிலிருந்து பத்து வரை உடம்பு நிதானமாக இருக்கும் காலம். நட்பு, விளையாட்டு விதிகள், “இது நியாயமா?” என்ற கேள்வி, இவை வளரும் வயது.

பிறகு ஒரு நாள் பள்ளி ஷூ பிடிக்காமல் போகும். மூன்று மாதத்துக்கு முன் வாங்கியதாக இருக்கும். பருவ வயதின் பாய்ச்சல் பெரும்பாலும் பாதத்திலும் கையிலும் தொடங்கும், பிறகு கால், கடைசியில் முதுகு. அதனால்தான் அந்த வயதில் உடம்பு ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் இருக்கிறது, டம்ளர் கைதவறுகிறது, மேசை முனையில் இடித்துக்கொள்கிறார்கள். திட்டாதீர்கள். கை எங்கே முடிகிறது என்பதை மூளை புதிதாகக் கற்றுக்கொண்டிருக்கிறது.

பெண் பிள்ளைகளுக்கு 8 முதல் 13 வயதுக்குள் மார்பு அரும்புவதில் பருவ மாற்றம் தொடங்கும். ஆண் பிள்ளைகளுக்கு 9 முதல் 14-க்குள், விதைப்பை பெரிதாவதில் தொடங்கும். உயரத்தின் பாய்ச்சலில் பெண்கள் ஏறக்குறைய இரண்டு ஆண்டு முந்திக்கொள்கிறார்கள். ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்புப் புகைப்படத்தை எடுத்துப் பாருங்கள், பின்வரிசையில் நிற்கும் உயரமானவர்களில் பலர் பெண்களாக இருப்பார்கள். பத்தாம் வகுப்புப் படத்தில் அது மாறியிருக்கும். வயதுக்கு வருவதை நம் வீடுகளில் தொடக்கமாக நினைக்கிறோம். உடம்பின் கணக்கில் அது பிற்பகுதி. மார்பு அரும்பி இரண்டு இரண்டரை ஆண்டுக்குப் பிறகுதான் முதல் மாதவிடாய் வருகிறது. உயரத்தின் வேகமான பாய்ச்சல் அதற்குள் முடிந்திருக்கும், அதற்குப் பிறகு பெரும்பாலும் 5 முதல் 7 சென்டிமீட்டர்தான் மிச்சம். அதனால் பெண்ணிடம் பேச வேண்டியதைச் சடங்கு வரை தள்ளிப்போடாமல், ஒன்பது பத்து வயதிலேயே பேசிவிடுங்கள். எட்டு வயதுக்கு முன்பே அறிகுறி தெரிந்தாலும், பதின்மூன்று வயதாகியும் ஒன்றுமே தெரியாவிட்டாலும் டாக்டரைப் பார்க்க வேண்டும். ஆண் பிள்ளைக்கு அந்த எல்லைகள் ஒன்பதும் பதினான்கும்.

ஆண் பிள்ளைகளோடு இதைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை என்பது என் வருத்தம். குரல் உடையும்போது வீடே கிண்டல் செய்யும். குரல்வளை பெரிதாகி, குரல் நாண் நீண்டு தடிப்பதால்தான் அது நடக்கிறது, சில மாதத்தில் படிந்துவிடும் என்று அப்பாவோ மாமாவோ பக்கத்தில் உட்கார்ந்து சொன்னால் அந்தப் பையன் வாயை மூடிக்கொண்டு அறைக்குள் போக மாட்டான்.

இந்த வயதில் தூக்க நேரமும் தள்ளிப்போகிறது. உடம்பில் தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் இரவில் தாமதமாகவே சுரக்கிறது. பதினோரு மணிக்கும் தூக்கம் வரவில்லை, காலை ஆறு மணிக்கு எழ முடியவில்லை என்றால் அதில் சோம்பேறித்தனம் மட்டும் இல்லை. ஆனாலும் அவர்களுக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் தேவை. போனை இரவில் அறைக்கு வெளியே வைப்பது என்று எல்லோருமாகச் சேர்ந்து முடிவு செய்யலாம், அம்மா அப்பாவின் போனும் சேர்த்து.

எப்போது ஒருவர் பெரியவர் ஆகிறார்? சட்டத்துக்கு 18. ஓட்டுரிமை முன்பு 21 வயதில்தான் இருந்தது, 61-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1989-ல் அதை 18 ஆக்கியது. எலும்பின் வளர்முனைகள் பெரும்பாலும் பதினெட்டு, இருபது வயதுக்குள் மூடிக்கொள்ளும், அதோடு உயரம் நின்றுவிடும். மூளை மட்டும் வேலையை முடிக்கவில்லை. ஆசை, பரபரப்பு, நண்பர்கள் முன் நல்ல பெயர் வாங்கும் துடிப்பு ஆகியவற்றுக்கான பகுதிகள் பதின்வயதிலேயே முழு வேகத்தில் ஓடுகின்றன. நெற்றிக்குப் பின்னால் இருக்கும், நிதானித்து விளைவை யோசிக்கும் பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது. தனியாகக் கேட்டால் பதினாறு வயதுப் பையன் தெளிவாகப் பதில் சொல்கிறான், நான்கு நண்பர்களோடு பைக்கில் ஏறியதும் வேறு ஆளாகிவிடுகிறான் என்றால், இந்த இடைவெளியைத்தான் பார்க்கிறோம்.

என் பெரியவள் போன தேர்தலில் முதல் முறையாக ஓட்டுப் போட்டாள். யாருக்கு என்று கேட்டதற்கு, “அது ரகசியம்மா” என்று கண்டிப்பாகச் சொன்னாள். மை வைத்த விரலைப் போட்டோ எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினாள். பிறகு என் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டு, அடுத்து என்ன படிக்கலாம் என்று நீ சொல்லேன் என்றாள். நான் டபராவில் காபி ஆற்றிக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் ராத்திரி வரை பேசினோம்.